எண்பத்து நாலாம் பிரிவு

பாளையங்கோட்டை, 1883 மார்ச் 5, திங்கள்

காலையில் மிளகாயை வெயிலில் பரப்பினேன். மத்தியானம் முழுவதும் படியெடுத்தேன். வக்கீலான என் வீட்டுக்காரருடைய ‘தண்டனைச் சட்ட விளக்கம்’ இரண்டாம் பதிப்புக்குப் போகிறது. முதல் பதிப்பு இந்த ஜில்லாவில் வக்கீல்கள் கையிலும் கிராம மாஜிஸ்திரேட்டுகள் வீட்டிலும் இருக்கிறது. இங்கிலீஷ் தெரியாதவனும் தன்னை எந்தச் சட்டப்படி ஜெயிலுக்கு அனுப்புகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவருக்கு வெகுநாள் ஆசை. அவர் கையெழுத்து என்னைத் தவிர யாருக்கும் விளங்காது. ஆகையால் அச்சுக்குப் போகும் பிரதி எப்போதும் என் கையால் எழுதியதுதான்.

இன்று எண்பத்து நாலாம் பிரிவு. சித்தம் கலங்கி, தான் செய்வது இன்னதென்றோ, அது தப்பு என்றோ அறியமுடியாதவன் செய்த காரியம் குற்றமாகாது என்கிறது சட்டம். அதன் கீழே, முதல் பதிப்பில் உள்ளபடியே, அவருடைய உரை: “பைத்தியம் எல்லாம் சட்டம் மன்னிக்கும் பைத்தியம் அல்ல. கொன்றபின் ஒளிந்தவனும், யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டவனும் தப்பை அறிந்தவர்களே. கொல்லப்பட்டவன் உயிரோடிருப்பதாகவே எண்ணி நடந்துகொண்டவன்தான் தன் செயலை அறியாதவன்.”

நன்றாக இருக்கிறது என்றேன்.

“நல்லா இருக்கது முக்கியமில்ல சற்குணம். ரெண்டு விதமா வாசிக்க முடியாம இருக்கணும்” என்றார்.

கொழுந்தன் ஞானாபரணம் இன்றும் சாப்பிட வரவில்லை. சோற்றைக் கொல்லைப்புறத்து அறைக்கே கொண்டுபோய் வைத்தேன்.

மார்ச் 11, ஞாயிறு

கோவிலில் ஆராதனை முடிந்ததும் எல்லாரும் ஞானாபரணத்தைப் பற்றி விசாரித்தார்கள். உடம்புக்கு ஆகவில்லை என்று சொன்னேன்.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது என் கொழுந்தன் சிலேட்டும் கையுமாகப் பள்ளிக்கூடம் போகிறவன். தாய் இல்லாத பிள்ளை. எங்களுக்குப் பிறந்தது எதுவும் தங்கவில்லை. அவனுக்குத் தலை வாரிவிட்டதும் வேட்டி கட்டப் பழக்கியதும் நான்தான். பெரியவனாகி வாத்தியார் வேலை பார்த்தான். போன வருஷம் அந்த வேலை போயிற்று. அதிலிருந்து தன்னைப் பற்றி யாரோ கடுதாசி எழுதி ஊர் ஊராக அனுப்புகிறார்கள் என்கிறான். எழுதுகிறவர் யார் என்று தெரியாதாம். சுமந்துபோகிறவன் தபால்காரன் உச்சிமாகாளி என்பது மட்டும் தெரியுமாம்.

நேற்று உச்சிமாகாளி வாசலில் மோர் வாங்கிக் குடித்துவிட்டு, “சின்னையா என்னைய ஒரு மாதிரியா பாக்காகம்மா” என்றான். அவர் எல்லாரையும் அப்படித்தான் பார்ப்பார் என்று சொல்லி அனுப்பினேன்.

இவரிடம் சொன்னேன். “வைத்தியர்ட்ட காட்டணும். இந்த அதிகாரம் முடியட்டும்” என்றார்.

மார்ச் 14, புதன்

அடுப்பை அணைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

உச்சிமாகாளியை ஞானாபரணம் வெட்டிவிட்டான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள முடுக்குச் சந்தில், விறகு அரிவாளால். காலைப் பலகாரம் முடிந்த நேரம். யாரும் பார்க்கவில்லை. நான் சத்தம் கேட்டேன். மாடு என்று நினைத்தேன்.

கொல்லை வாசல் வழியாக அவன் உள்ளே வந்தான். சட்டையெல்லாம் இரத்தம். செம்பில் தண்ணீர் நீட்டினேன். வாங்கவில்லை. என்னை அடையாளம் தெரியாதவன் போலப் பார்த்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. நேராக அண்ணன் எழுதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். போலீஸ் வந்தபோது அண்ணன் காலடியில் உட்கார்ந்திருந்தான்.

சாயங்காலம் இவர் என்னிடம் கேட்டார். “உங்கிட்ட ஏதும் சொன்னானா?”

“இல்ல. வாயே திறக்கல” என்றேன்.

அவரிடம் அவன் என்ன சொன்னான் என்று நான் கேட்டேன். விளக்கைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போய்விட்டார்.

மார்ச் 15, வியாழன்

உச்சிமாகாளியை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனார்கள். சங்குச் சத்தம் இந்தத் தெரு வழியாகவே போயிற்று. கதவைச் சாத்தவா திறந்துவைக்கவா என்று தெரியாமல் நின்றேன்.

மார்ச் 24, சனி

வேலைக்காரி வரவில்லை. இனி வரமாட்டாள்.

ஏப்ரல் 8, ஞாயிறு

மாஜிஸ்திரேட்டு முன் விசாரணை நாளைக்கு. இவருக்கு சம்மன் வந்திருக்கிறது.

மத்தியானச் சாப்பாடு ஆனதும் இவரே சொன்னார். அன்றைக்கு அறைக்குள் ஞானாபரணம் சொன்னது இதுதான்: “அண்ணே, செய்யக்கூடாதத செஞ்சிட்டேன். யார்ட்டயும் சொல்லிராதிய.”

படியெடுத்த வரிகள் எனக்கு மனப்பாடம். ‘யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டவனும்’ என்ற வரி நினைவுக்கு வந்தது.

“நீங்க வக்கீலு. கட்சிக்காரன் சொன்னத வெளிய சொல்லவேண்டாம்னு சட்டம் இருக்குல்லா?” என்றேன்.

“அவன் வக்கீல்ட்ட வரல. அண்ணன்ட்ட வந்தான்.”

“அப்ப அண்ணனா இருங்க.”

அவர் தட்டைத் தள்ளிவைத்தார்.

“சற்குணம், இத்தன வருஷமா நான் எழுதுனது ஊரான் வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமா? செத்தவனுக்கும் பொண்டாட்டி பிள்ள இருக்கு. வேதபுஸ்தகத்தக் கையில வச்சு சத்தியம் பண்ணச் சொல்லுவாங்க. கேள்வி கேப்பாங்க. நான் என்ன சொல்ல?”

“ஒண்ணும் சொல்லலைன்னு சொல்லுங்க. அந்த ரூமுக்குள்ள கர்த்தரத் தவிர யாரு இருந்தா?”

“அவர் இருந்தது போதாதா” என்று சொல்லி எழுந்து கை கழுவப் போனார்.

பாத்திரம் தேய்த்தேன். ஒரு கண்ணாடித் தம்ளர் உடைந்தது.

ஏப்ரல் 10, செவ்வாய்

சொல்லிவிட்டார். ஒரு எழுத்து குறையாமல் சொன்னாராம். வழக்கு செசன்ஸ் கோர்ட்டுக்குப் போகிறது.

மே 17, வியாழன்

ஜெயிலில் ஞானாபரணத்தைப் பார்க்க விட்டார்கள். இளைத்திருக்கிறான். தலையை மழித்திருக்கிறார்கள். நுங்கு கொண்டுபோனேன். சிப்பாய் முகர்ந்து பார்த்துவிட்டுக் கொடுத்தான்.

“புஸ்தகம் அச்சுக்குப் போயிட்டா மதினி?” என்று கேட்டான்.

“இன்னும் இல்லய்யா.”

“என்னாலதான் தாமசம்” என்றான். மறுபடி சுவரோரம் பார்த்து, மெதுவாக, “இங்கயும் கடுதாசி வருது. ராத்திரி கம்பிக்குள்ளார போடுதாங்க” என்றான்.

இவர் சிறைக்கு வருவதில்லை. சாட்சி குற்றவாளியைப் போய்ப் பார்ப்பது சரியல்லவாம். என்னை மட்டும் வண்டி வைத்து அனுப்பினார். திரும்பி வந்தபோது வாசலில் நின்றுகொண்டிருந்தார். நுங்கைச் சாப்பிட்டானா என்று கேட்டார்.

ஜூன் 6, புதன்

புத்தகத்தில் அந்த அதிகாரம் அப்படியே நிற்கிறது. அவர் உட்காருகிறார், பேனாவைத் தொடுகிறார், எழுந்துவிடுகிறார்.

ஜூன் 21, வியாழன்

இவருக்குச் சொல்லாமல் திருநெல்வேலிக்குப் போய் நம்பெருமாள் ஐயங்காரைப் பார்த்தேன். ஞானாபரணத்துக்காக வாதாடுகிறவர் அவர்தான். இவருக்கு வெகுநாள் சிநேகிதர். என்னைப் பார்த்ததும் எழுந்து, உள்ளேயிருந்து தன் சம்சாரத்தைக் கூப்பிட்டு என் பக்கத்தில் உட்கார வைத்தார்.

“மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்லேம்மா. மனசு சரியில்லேன்னு ஊரே சாட்சி சொல்லும். டாக்டரும் சொல்லுவார். ஆனா அண்ணாகிட்ட அவன் சொன்னானே, அந்த ஒரு வாக்கியம் தூக்குல கொண்டுபோய் நிறுத்திடும். தப்புன்னு தெரிஞ்சிருக்குங்கிறதுக்கு அதைவிட என்ன வேணும்? அப்படின்னு புஸ்தகத்துல எழுதி வச்சதும் உங்க ஆத்துக்காரர்தான்.”

“வழியே இல்லையா?”

“கையில அரிவாளோட வந்தவன், வெட்டினதே தெரியாதவன் மாதிரி யார்கிட்டயாவது நடந்துண்டிருந்தா உண்டு. உங்ககிட்ட ஏதாவது சொன்னானா? நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ.”

யோசித்துச் சொல்கிறேன் என்று புறப்பட்டேன். வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். பாலத்தில் வண்டி நின்றது. ஆற்றில் தண்ணீர் கொஞ்சமாகத்தான் ஓடுகிறது.

ஜூன் 23, சனி

நினைவு வந்துவிட்டது. ஐயங்காருக்கு ஆள் அனுப்பினேன்.

ஜூலை 1, ஞாயிறு

சாட்சிப் பட்டியலில் என் பெயரைப் பார்த்துவிட்டு இவர் என்னிடம் வந்து நின்றார். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

“நீ என்ன சொல்லப்போற?”

“எனக்குத் தெரிஞ்சதச் சொல்லப்போறேன்.”

முறத்திலிருந்து உமி பறந்து அவர் வேட்டியில் ஒட்டியது. தட்டிவிடவில்லை. வேறு எதுவும் கேட்கவும் இல்லை.

ஜூலை 16, திங்கள்

விசாரணை தொடங்கியது. முதலில் டாக்டர், பிறகு போலீஸ், பிறகு இவர். சாட்சிகள் வெளியே மரத்தடியில் காத்திருக்க வேண்டும். ஆகையால் நான் பார்க்கவில்லை. ஐயங்கார் வந்து சொன்னார். இவர் அந்த வாக்கியத்தை அப்படியே சொன்னாராம். கூண்டில் நின்ற ஞானாபரணம், பாடம் ஒப்பிக்கும் பிள்ளையைக் கவனிக்கும் வாத்தியார் போலத் தலையை ஆட்டினானாம்.

மரத்தடியில் இன்னொரு பக்கம் உச்சிமாகாளியின் பெண்சாதி பேராச்சி கைப்பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைக்கு வியர்க்குருவாக இருந்தது. அவள் என் பக்கம் திரும்பவில்லை.

ஜூலை 17, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சத்தியம் செய்தேன். ஐயங்கார் கேட்டார், சொன்னேன். அன்று காலை ஞானாபரணம் கொல்லை வாசல் வழியாக வந்து அடுப்படியில் நின்று, “மதினி, உச்சிமாகாளி வெயில்ல நிக்காரு. அவருக்கு மோர் குடுங்க” என்று சொன்னான் என்றேன்.  ஜட்ஜ் துரை எழுதிக்கொண்டார். அவருக்கு ஆலோசனை சொல்லப் பக்கத்தில் இருந்த அசெசர்கள் இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள்.

கவர்ன்மெண்டு வக்கீல் எழுந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

“அம்மா, உங்க வீட்டுக்காரர் எழுதின புஸ்தகத்த வாசிச்சிருக்கீங்களா?”

“படியெடுத்ததே நான்தான்.”

“எண்பத்து நாலாம் பிரிவையும்?”

“அதையும்தான்.”

முதல் பதிப்பைக் கையில் எடுத்து வாசித்தார். கொல்லப்பட்டவன் உயிரோடிருப்பதாகவே எண்ணி நடந்துகொண்டவன்தான் தன் செயலை அறியாதவன். என் கையெழுத்தில் போன வரி அச்சில் எவ்வளவு பெரிதாகக் கேட்கிறது.

“எது சொன்னா உங்க கொழுந்தன் தப்பிப்பார்னு உங்களுக்குத் தெரியும். இல்லையா?”

“தெரியும்.”

“போலீஸ்ல இத ஏன் சொல்லல?”

“யாரும் என்னைக் கேக்கல.”

அவர் உட்கார்ந்துவிட்டார். நான் தோற்றுவிட்டேன் என்று தெரிந்தது. கூண்டைப் பார்த்தேன். ஞானாபரணம் நெற்றியைச் சுருக்கி எதையோ யோசித்துக்கொண்டிருந்தான்.

அப்போது ஜட்ஜ் துரை, “மாசிலாமணி வக்கீல்” என்று இவரை மறுபடி கூப்பிடச் சொன்னார். சாட்சி சொல்லி முடித்தவர் என்பதால் இவர் கோர்ட்டுக்குள்ளேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து வந்தார். முந்தின நாளைவிடக் கூனியிருந்தார்.

“உம்முடைய மனைவி சொன்ன பேச்சு உம் காதில் விழுந்ததா?” துரை கேட்டதைத் துபாஷி தமிழில் கேட்டார்.

“விழவில்லை. நான் என் அறையில் இருந்தேன்.”

“உம்முடைய சொந்தத் தம்பிக்கு விரோதமாக நேற்று சாட்சி சொன்னீர். ஆகையால் உம்மைக் கேட்கிறேன். இந்த அம்மாள் சொல்வதை நான் நம்பலாமா?”

இவர் என்னைப் பார்க்கவில்லை. வேதபுத்தகத்தின் மேல் வைத்த தன் கையையே பார்த்தார்.  

“கல்யாணமான நாளிலிருந்து இவளை அறிவேன். என் வீட்டில் இவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை.”

துரை எழுதிக்கொண்டார்.

‘என் வீட்டில்’ என்று ஏன் சேர்த்துச் சொன்னார் என்று வண்டியில் வரும்போது யோசித்தேன்.  ராத்திரிக்கு ரசம் மட்டும் வைத்தேன்.

ஜூலை 20, வெள்ளி

தீர்ப்பு. அசெசர்கள் இரண்டு பேரும் குற்றவாளி இல்லை என்றார்கள். துரையும் ஒப்புக்கொண்டார். தன் இரத்தத்துக்கு விரோதமாக உண்மை சொன்ன மனிதர், தன் மனைவிக்காகச் சொல்வதையும் நம்பத்தான் வேண்டும் என்று தீர்ப்பில் எழுதியிருக்கிறார். ஞானாபரணத்தைச் சென்னையில் பைத்தியக்காரர்களை வைக்கும் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப உத்தரவு. கவர்ன்மெண்டு விடச் சொல்லும்வரை அங்கேயே இருக்க வேண்டும்.

எத்தனை காலம் என்று கேட்டேன். அதற்குச் சட்டத்தில் கணக்கு இல்லை என்றார் ஐயங்கார்.

கர்த்தருக்குத் தோத்திரம் என்று எழுத நினைத்தேன். எழுதவில்லை.

ஆகஸ்ட் 2, வியாழன்

இட்லிக்கு ஊறப்போட்டிருந்தேன். பேராச்சி வந்தாள். கைப்பிள்ளை இடுப்பில். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலுக்கு வெளியே நின்று இவரைக் கூப்பிட்டாள்.

இவர் போனார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“ஐயா, நீங்கதான் சட்டத்த தமிழ்ல எழுதுனவுகன்னாக. எனக்கு வாசிக்கத் தெரியாது. அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்” என்றாள். சண்டைக்கு வந்தவள் போலவே இல்லை.

“கேளும்மா.”

“கோர்ட்டுல குத்தவாளி இல்லைன்னு சொன்னாகளே. அப்படின்னா வெட்டலைன்னு அர்த்தமா?”

“இல்ல. வெட்டுனது அவன்தான். அது நெசம்.”

“வெட்டுனா குத்தமில்லையா?”

“குத்தந்தான். ஆனா புத்தி கலங்கிச் செய்யுறத சட்டம் குத்தமா எடுக்காது.”

அவள் அதைத் தனக்குள்ளே சொல்லிப் பார்ப்பதுபோல உதட்டை அசைத்தாள்.

“அப்ப எம் புருசன யாருமே கொல்லலையாய்யா?”

இவர் வாயைத் திறந்தார். சட்டம் பற்றி எந்த நேரத்தில் யார் கேட்டாலும் இவரிடம் பதில் இருக்கும். நடு ரோட்டில் நிறுத்திக் கேட்பவர்களுக்கும் நின்று சொல்வார். இன்று வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

அவள் காத்திருந்து பார்த்தாள். பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். “இந்தப் புள்ள பெருசானா கேக்கும். என்னன்னு சொல்லணும்னு தெரியல. அதான் வந்தேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் ஓடிப்போய் அவளைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிட்டு என்ன சொல்வது?

ஊறின அரிசியை ஆட்டவில்லை. புளித்துப்போயிற்று.

செப்டம்பர் 10, திங்கள்

பிரதியை அச்சுக்கு அனுப்பிவிட்டார். எண்பத்து நாலாம் பிரிவுக்கு உரை இல்லை. சட்டத்தின் வாசகம் மட்டும் இருக்கிறது, அதற்குக் கீழே வெறும் இடம். பழைய உரையைக் கோடு போட்டு அடித்திருந்தார். புதிதாக ஒன்று எழுதுங்களேன் என்றேன்.

“என்ன எழுதச் சொல்லுத?” என்றார். கோபமாக இல்லை. உண்மையாகவே என்னிடம் கேட்டார்.

 அப்படியே கட்டிக் கொடுத்தேன்.

அக்டோபர் 25, வியாழன்

கோர்ட்டுக்குப் போவதை விட்டுவிட்டார். தம்பியால் வந்த வெட்கம் என்று ஊரில் பேசுகிறார்கள். பேசட்டும். தினமும் காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு எழுதும் அறையில் உட்காருகிறார். மத்தியானம் கழற்றிவைக்கிறார்.

மழை பிடித்துக்கொண்டது. பேராச்சி வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று கேள்விப்பட்டு ஓலை வாங்கி ஆளிடம் அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டாள்.

சென்னை, டிசம்பர் 19, புதன்

ஞானாபரணத்தைப் பார்த்தோம்.

நல்ல இடம்தான். மரங்கள் இருக்கின்றன. வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். முகம் தெளிந்திருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து சம்பளத்தோடு முதல் நாள் வீட்டுக்கு வந்தபோது இருந்த முகம். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டான்.  அப்புறம் பெரிய டாக்டர் கூப்பிடுகிறார் என்று இவரை உள்ளே அழைத்துப்போனார்கள். நானும் ஞானாபரணமும் மரத்தடிப் பலகையில் உட்கார்ந்தோம்.

“கடுதாசி வருதாய்யா?” என்று கேட்டேன்.

“இல்ல மதினி. கடுதாசியே கிடையாது. எப்பமும் இருந்ததில்ல. இப்பம் தெரியுது.” கையை விரித்துப் பார்த்தான். “தெளிஞ்சிட்டு. இங்க இருக்கவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சந்தோசமா இருக்காங்க. தெளிஞ்சவன் இருக்கதுதான் கஷ்டம். அந்த ஆளு கையத் தூக்கினாரு மதினி. வெட்டாதியன்னு கும்பிட்டாரு. தினமும் பாக்கேன்.”

அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

“ஒண்ணு கேக்கணும். கோர்ட்டுல நீங்க சொன்னிய, மோர் குடுங்கன்னு நான் சொன்னதா. நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். அன்னைக்கு நடந்தது பூராவும் இப்பம் ஞாபகத்துல இருக்கு. நான் உங்கட்ட அப்படிச் சொல்லவே இல்லையே மதினி.”

“உனக்கு மறந்திருக்கும்” என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். “இருக்கும்” என்று சொல்லிவிட்டுக் குனிந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். எங்கள் வழக்கத்தில் இப்படிக் கிடையாது. “அண்ணன் சொன்னதோட விட்டிருக்கலாம். முடிஞ்சிருக்கும்” என்றான்.

அவனுக்கு ஞாபகம் தடுமாறுகிறது. அவ்வளவுதான்.

இவர் திரும்பி வந்தபோது முகத்தைத் துடைத்துக்கொண்டேன். இப்போது புத்தி சரியாக இருக்கிறதாம். ஆனாலும் கவர்ன்மெண்டு உத்தரவு இல்லாமல் விட முடியாது, கொலை செய்தவனை விட அவர்கள் லேசில் உத்தரவு கொடுப்பதும் இல்லை என்று டாக்டர் சொன்னாராம்.

புறப்படும்போது வாசற்கம்பி வரை கூடவே வந்தான். அதற்கு மேல் விடவில்லை.

ரயிலில், டிசம்பர் 20, வியாழன்

பென்சிலால் எழுதுகிறேன். வண்டி ஆடுகிறது, எழுத்து கோணுகிறது.

விழுப்புரம் தாண்டி இரண்டு பக்கமும் வயல். தண்ணீர் நிற்கிறது. நாற்று நடுகிறார்கள். கட்டுச்சோற்றைப் பிரித்துக் கொடுத்தேன். கொஞ்சம் சாப்பிட்டார். இலையை வெளியே எறிந்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, எதிர்ப் பலகையிலிருந்து எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வேறு யாரும் அந்தப் பலகையில் இல்லை.

“சற்குணம், உங்கிட்ட ஒரு கேள்வி இருக்கு. ஜூலை மாசத்துலருந்து இருக்கு” என்றார்.

“கேளுங்க.”

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வயல் முடிந்து தோப்பு வந்தது, தோப்பும் முடிந்தது.

“வேண்டாம்” என்றார். “கேட்டா நீ உண்மையச் சொல்லிருவ.”

என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், மற்றவர்கள் பார்க்கும்படியாக அவர் என் கையைப் பிடித்ததில்லை. அடுத்த ஸ்டேஷனில் ஆட்கள் ஏறினார்கள். அப்போதும் அவர் கையை விடவில்லை. என் இடது கையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஆகையால் இதை எழுத முடிகிறது.